மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர்

"செமினார்" என்ற சொல்லைக் கேட்டதும் எங்களில் பலருக்கு நினைவில் வருவது ஒரு பெரிய மண்டபம்தான். உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் வெளியூரிலிருந்து பெயர் பெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். நானூறு, ஐந்நூறு பிள்ளைகள் தோளோடு தோள் இடிபட இருப்பார்கள். அவர் ஒலிவாங்கியில் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுவார்கள். பின்னேரம் கைவலியோடு வீடு திரும்புவார்கள். வரப்போகும் கேள்விகளை ஆசிரியர் சரியாகப் பிடித்துக் கொடுத்தாரா என்பதை வைத்துத்தான் அந்தச் செமினார் நல்லதா கூடாததா என்று பேசிக்கொள்வோம்.

நான் இங்கே எழுத வந்தது அதற்கு நேர்மாறான ஒரு செமினாரைப் பற்றி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்குப் பக்கத்தில், பிறின் மார் என்றொரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. அங்கே முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு மாணவியும் கட்டாயமாக எடுக்க வேண்டிய வகுப்பு ஒன்று உண்டு. ஏறத்தாழப் பதினைந்து பேர், ஒரு மேசை. விரிவுரை கிடையாது. இந்த வகுப்புகளுக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள்: எமிலி போல்ச் செமினார். யார் இந்த எமிலி போல்ச் என்பதைப் பிறகு சொல்கிறேன். யுத்தத்தைக் கண்ணால் கண்ட பெண்களாகிய நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர் அது.

அதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து கதைப்பதில் அப்படி என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்பீர்கள்.

நான் எழுதிய விடை

முகாமில் இருந்தபடி உயர்தரப் பரீட்சை எழுதிப் பல்கலைக்கழகம் போனவர்களில் நானும் ஒருத்தி. 2009 மே மாதத்துக்குப் பிறகு அப்பா வீடு வரவில்லை. அம்மா, நான், இரண்டு தம்பிமார். மீளக் குடியமர்ந்த காணியில் தறப்பாள் கொட்டிலுக்குள் அம்மா அரிசிமா இடித்து, இடியப்பம் அவித்து விற்ற காசில்தான் நான் பஸ் ஏறினேன்.

சமூகவியல் முதலாம் ஆண்டு வகுப்பில் நூற்றறுபது பேருக்கு மேல் இருந்தோம். பின்வாங்கில் இருந்தவர்களுக்கு விரிவுரையாளரின் முகம் சரியாகத் தெரியாது. ஒரு நாள் பாடம், குடும்பம் என்னும் சமூக நிறுவனம். கருக்குடும்பம், விரிந்த குடும்பம், தாய்வழிக் குடும்பம் என்று வகை வகையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் கடைசியில் "சிதைந்த குடும்பம்" என்றார். பெற்றோரில் ஒருவர் இறப்பாலோ பிரிவாலோ இல்லாமற் போன குடும்பம் அது என்று எழுதினோம். அதன் விளைவுகள் என்று கோடிட்டு, பிள்ளைகளின் ஒழுக்கக் குறைவு, கல்வியில் பின்தங்கல், வறுமை என ஒன்று, இரண்டு, மூன்று போட்டு எழுதினோம்.

எனக்குப் பேனை நின்றுவிட்டது. "சேர், எங்கள் வீடு சிதைந்த வீடா? சிதைந்த வீடென்றால் நான் எப்படி இந்த வாங்கில் வந்து இருக்கிறேன்?" என்று ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அந்த மண்டபத்தில் எழும்பி நின்று கேட்பதற்கு எனக்குத் துணிவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்து விடுபட்ட வரியை எழுதிக்கொண்டேன். அந்த வருடப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. வரைவிலக்கணம், வகைகள், விளைவுகள் எல்லாம் எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. என் அம்மாவின் வீட்டைச் சிதைந்த வீடு என்று என் கையால் எழுதி வாங்கிய புள்ளி.

அந்த விரிவுரையாளரை நான் குறை சொல்ல மாட்டேன். தனக்குச் சொல்லித் தந்ததை அவர் எங்களுக்குச் சொல்லித் தந்தார். நூற்றறுபது பேரை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலத்தில் வேறென்ன செய்வது? சிறு குழு வகுப்பு என்று நேரசூசியில் ஒன்று இருந்ததுதான். அங்கும் நாங்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தோம்.

பிலடெல்பியாவிலிருந்து ஒரு றெயில்

2019 ஒக்டோபரில் சமூகப் பணியாளர்களுக்கான மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காகப் பிலடெல்பியா போனேன். பயிற்சியில் எங்களைக் கவனித்துக்கொண்ட பெண் ஒருவர் பிறின் மாரில் படித்தவர். என்னுடைய பட்டம் சமூகவியல் என்று அறிந்ததும், "எங்கள் கல்லூரியை நீங்கள் பார்க்க வேண்டும்" என்று ஒரு நாள் றெயிலில் கூட்டிக்கொண்டு போனார். அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். சாம்பல் நிறக் கற்கட்டடங்கள், இலை சிவந்த மரங்கள். படிக்கும் பெண்கள் ஆயிரத்து நானூறு பேர் வரையில்தான். எங்கள் ஊரில் ஒரு பெரிய மகா வித்தியாலயத்தின் தொகை.

இப்படியான இடங்களை அங்கே லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்கிறார்கள். இன்ன தொழிலுக்கு என்று ஆளைத் தயாரிக்கும் இடமல்ல. இரசாயனம் படிக்கிற பிள்ளை கவிதையும் படிக்கும், வரலாறு படிக்கிற பிள்ளை கணிதமும் எடுக்கும். பிரதான பாடம் எது என்பதை இரண்டாம் ஆண்டு முடியும்போது தீர்மானித்தால் போதும். பதினாறு வயதில் கலையா வர்த்தகமா விஞ்ஞானமா என்று பிள்ளையைப் பிரித்துவிட்டு, பிறகு வாழ்நாள் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிற எங்களுக்கு இது புதுமையாகத்தான் இருக்கும்.

பெண்களுக்கென்று இப்படியான கல்லூரிகள் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மேரி லயன் என்ற ஆசிரியை மவுண்ட் ஹோலியோக்கில் பெண்களுக்கான உயர்கல்வி நிலையத்தைத் தொடங்கியது 1837இல். ஸ்மித், வெல்ஸ்லி கல்லூரிகள் 1875இல் திறந்தன. பிறின் மார் 1885இல். இந்த ஆண்டுகளைக் கேட்டபோது எனக்கு உடுவில் நினைவுக்கு வந்தது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது 1824இல் அல்லவா? இதை என்னைக் கூட்டிப்போனவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. இரண்டு தரம் ஆண்டைக் கேட்டார்.

நாங்கள் போன வகுப்பில் பதினான்கு மாணவிகள் இருந்தார்கள். ஆசிரியை இலக்கியம் கற்பிப்பவர். ஆனால் இந்தச் செமினாரை எந்தத் துறை ஆசிரியரும் நடத்தலாம், தாவரவியல் ஆசிரியர்கூட நடத்தலாம் என்று சொன்னார்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு விடயத்தை எடுத்துக்கொள்வார்கள். மாணவிகள் பட்டியலைப் பார்த்துத் தங்கள் விருப்பத்தை எழுதிக் கொடுப்பார்கள். பாடத்தை முடிப்பது நோக்கமல்ல. கவனமாக வாசிக்கவும், வாசித்ததைப் பற்றி மற்றவர் முன்னால் கதைக்கவும், கதைத்ததை எழுத்தில் வைக்கவும் பழக்குவதுதான் நோக்கம்.

அன்றைக்கு வீட்டு வேலை பற்றிய ஒரு கட்டுரையை எல்லாரும் முதல் நாளே வாசித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆசிரியை ஒரேயொரு கேள்வி கேட்டார்: "இதில் உங்களைத் தடக்கி விழுத்திய வரி எது?" பிறகு பேசாமல் இருந்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த அமைதி தாங்க முடியாமல் இருந்தது. நான் நடத்தும் கூட்டங்களில் இப்படி நேர்ந்தால் உடனே நானே விடையைச் சொல்லிவிடுவேன். அவர் சொல்லவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

கடைசியில் சுவர்ப்பக்கம் இருந்த ஒரு பிள்ளை, "நாலாம் பக்கத்தில் 'எல்லாத் தாய்மாரும்' என்று எழுதியிருக்கிறார். என் அம்மா அதில் இல்லை" என்றாள்.

"எந்த வரி? வாசியுங்கள்" என்றார் ஆசிரியை. எல்லாரும் பக்கத்தைப் புரட்டினார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா இரவில் ஆஸ்பத்திரி துடைப்பவர், பிள்ளையை வளர்த்தது அம்மம்மா. இன்னொருத்தி மறுத்தாள். கட்டுரையாளர் சொல்ல வந்தது அதுவல்ல என்று முந்திய பந்தியைக் காட்டினாள். மூன்றாவது பிள்ளை இருவரையும் மறுத்தாள். ஆசிரியை இடையிடையே "அதை எங்கே காண்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். எண்பது நிமிடத்தில் அவர் சேர்த்துக் கதைத்தது பத்து நிமிடம் இருக்காது. ஆங்கிலம் எனக்கு முக்கால்வாசிதான் விளங்கியது. ஆனாலும் என்ன நடக்கிறது என்பது நன்றாக விளங்கியது. அச்சில் வந்த ஒரு வரியைப் பார்த்து, "இதில் என் அம்மா இல்லை" என்று ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை சொல்கிறாள். அதற்காக அவளை யாரும் இருத்திவிடவில்லை.

வகுப்பு முடியும்போது ஆசிரியை என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை, நன்றி" என்றேன். முப்பதை எட்டிய வயதிலும் அதே வாய்தான். திரும்பும்போது றெயிலில் வைத்துத்தான் அந்தச் சிதைந்த குடும்பத்துக் கதையை என்னைக் கூட்டிப்போனவரிடம் சொன்னேன். அதற்கு முன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

வகுப்பில் கதைப்பதோடு இது முடிவதில்லை. சில வாரத்துக்கு ஒரு தடவை கட்டுரை எழுத வேண்டும். எழுதிய முதற்படியோடு ஒவ்வொரு மாணவியும் ஆசிரியையைத் தனியே சந்திப்பாள். புள்ளி போட்டுத் திருப்பித் தருவதல்ல அந்தச் சந்திப்பு. "இந்தப் பந்தியில் என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்டு, பிள்ளை வாயால் சொன்னதும், "அப்படியென்றால் அதையே எழுதுங்கள்" என்று அனுப்புவாராம். பிறகு மறுபடி எழுத வேண்டும். இதைக் கேட்டபோதுதான் பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய எந்தக் கட்டுரையையும் இரண்டாம் தரம் எழுதியதில்லை என்பது நினைவுக்கு வந்தது.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சிறு வகுப்பு என்ற ஏற்பாடு பிறின் மாருக்கு மட்டும் உரியதல்ல. ஹாவர்ட் பல்கலைக்கழகம் 1959இல் தொடங்கியது. மூத்த பேராசிரியர்கள் புதிதாக வந்த பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு இருந்து படிப்பது என்பது அன்றைக்குப் பெரிய மாற்றம். வேறொரு விதமான வகுப்பு தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972இல் தொடங்கியது. வியட்நாம் யுத்த காலம். 1970இல் அங்கே மாணவர் கொந்தளிப்பு வெடித்தது. பிள்ளைகளுக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் நம்பிக்கை இல்லாமற் போனதைக் கண்ட பல்கலைக்கழகத் தலைவர், புதியவர்கள் கூடி இருந்து கதைக்கும் வகுப்பொன்றை ஏற்படுத்தினார். இன்று அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளில் ஏதோ ஒரு வடிவில் இது உண்டு. சிலவற்றில் பெயருக்கு மட்டும்தான் உண்டு என்றும் கேள்விப்பட்டேன். அது எல்லா ஊரிலும் நடப்பதுதானே.

வேலை இழந்த பேராசிரியை

இனி எமிலி போல்ச். முழுப்பெயர் எமிலி கிறீன் போல்ச். 1867இல் பொஸ்டன் பக்கத்தில் வசதியான ஒரு வழக்கறிஞர் வீட்டில் பிறந்தவர். பிறின் மார் கல்லூரியிலிருந்து 1889இல் பட்டம் பெற்று வெளியேறிய முதல் அணியில் ஒருவர். அங்கே கற்பித்த கிடிங்ஸ் என்பவரிடம் சமூகவியல் படித்தார். கல்லூரி கொடுத்த புலமைப்பரிசிலில் பாரிஸ் போய், பிரான்சில் ஏழைகளுக்கு அரசு எப்படி உதவுகிறது என்று ஆராய்ந்து புத்தகமாக எழுதினார். ஏழைகளைப் பற்றிப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது என்று நினைத்தவர் அவர். 1892இல் பொஸ்டனில் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த பகுதியில் டெனிசன் ஹவுஸ் என்ற சமூகப் பணி இல்லத்தைத் தோழிகளோடு சேர்ந்து தொடங்கினார். சமூகப் பணியாளர் என்று இன்று எங்களைச் சொல்கிறார்களே, அந்தத் தொழிலுக்குப் பெயரே சரியாக உருவாகாத காலம் அது.

1896இல் வெல்ஸ்லி கல்லூரியில் கற்பிக்கத் தொடங்கினார். பொருளியல், சமூகவியல் இரண்டும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த சிலாவிய மக்களைப் பற்றி அமெரிக்காவில் இழிவாகப் பேசப்பட்ட காலத்தில், அவர்களுடைய சொந்த ஊர்களுக்கே போய்ப் பார்த்து, பிறகு அமெரிக்காவில் அவர்கள் குடியிருந்த இடங்களில் தங்கி, 1910இல் பெரிய நூலொன்றை வெளியிட்டார். ஆட்களைப் பற்றி எழுத முன் ஆட்களோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய முறை.

முதலாம் உலக யுத்தம் வந்தது. 1915இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் யுத்தம் செய்யும் நாடுகளிலிருந்தும் செய்யாத நாடுகளிலிருந்தும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடினார்கள். தங்கள் ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த நேரத்தில், ஜேர்மனியப் பெண்களும் பிரித்தானியப் பெண்களும் ஒரே மண்டபத்தில் இருந்தார்கள். ஜேன் அடம்ஸ் தலைமை வகித்தார். போல்ச் அங்கே போனார். பிறகு, சமாதானப் பேச்சைத் தொடங்குமாறு கேட்க ஸ்கண்டிநேவிய நாடுகளுக்கும் ரஷ்யாவுக்கும் போன தூதுக்குழுவில் இருந்தார். அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கிய பின்னரும் அவர் வாயை மூடவில்லை. விளைவு, கல்லூரி அவரை மறுபடி நியமிக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கற்பித்தவர், ஐம்பத்திரண்டு வயதில் வேலையில்லாமல் நின்றார்.

1919இல் சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான சர்வதேசப் பெண்கள் கழகம் உருவானபோது அதன் முதற் செயலாளராக ஜெனீவா போனார். 1926இல், அமெரிக்கப் படைகள் ஹெயிட்டியைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், சிறு குழுவொன்றோடு அங்கே போய் நேரில் விசாரித்து, படைகள் வெளியேற வேண்டும் என்று எழுதினார். தன் நாட்டுப் படையைப் பற்றித்தான் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். 1946இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் ஜோன் மொட் என்பவருக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. அப்போது வயது எழுபத்தொன்பது. பரிசுப் பணத்தைப் பெண்கள் கழகத்துக்கே கொடுத்தார். 1961இல் தொண்ணூற்று நான்கு வயதில் இறந்தார்.

அவரை ஒரு கற்சிலையாக்கவும் நான் விரும்பவில்லை. ஹிட்லரின் காலத்தில் அவர் பழைய நிலைப்பாட்டில் அப்படியே நிற்கவில்லை. நாசிகளை எதிர்த்துப் போராடத்தான் வேண்டும் என்று மிகுந்த மனவருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார். அதே நேரம், அமெரிக்காவில் முகாம்களில் அடைக்கப்பட்ட யப்பானிய வம்சாவளி மக்களுக்காகவும் வேலை செய்தார். அவர் எனக்குக் கிட்டத்தில் வருவது இந்த இடத்தில்தான். முள்ளுக்கம்பிக்குள் இருந்த எங்களைத் தேடி வந்தவர்களின் முகங்கள் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆலைப் பெண்களின் எட்டு வாரம்

பிறின் மாரில் எனக்கு மிகவும் பிடித்த கதை இன்னொன்று. 1921 தொடக்கம் அங்கே கோடை விடுமுறையில் தொழிலாளர் பெண்களுக்கு ஒரு பள்ளி நடந்தது. தையல் ஆலை, நெசவு ஆலை என்று வேலை செய்த பெண்கள் ஆண்டுக்கு நூறு பேர் வரையில் எட்டு வாரம் வந்து, வசதியான வீட்டுப் பிள்ளைகள் தங்கிய அதே விடுதி அறைகளில் தங்கிப் படித்தார்கள். பலர் சிறு வயதிலேயே பாடசாலையை விட்டவர்கள். சிலருக்கு ஆங்கிலம் தாய்மொழியல்ல. திரும்பிப் போனால் வேலை இருக்குமா என்ற பயத்தோடுதான் வந்தார்கள். ஹில்டா வேர்திங்டன் ஸ்மித் என்ற பிறின் மார் பட்டதாரி அதற்குப் பொறுப்பாக இருந்தார்.

பெரிய விரிவுரை வைத்தால் இவர்கள் நித்திரையாகிவிடுவார்கள் என்பதை ஆசிரியர்கள் கெதியாகக் கண்டுகொண்டார்கள். சிறு குழுக்கள். பொருளியல் என்றால் புத்தகத்தின் முதலாம் அத்தியாயத்தில் தொடங்காமல், "உங்கள் ஆலையில் ஒரு சட்டைக்கு என்ன கூலி?" என்பதில் தொடங்குவது. ஆங்கிலம் என்றால் தங்கள் வாழ்க்கையையே எழுதுவது. அப்படி எழுதியவற்றைச் சேர்த்து அவர்களே சஞ்சிகையாக வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றிய வகுப்பு பணக்காரப் பிள்ளைகளுக்குத்தான் சரிவரும் என்று யாரும் சொன்னால் இந்தப் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

1934இல் நியூ ஜேர்சியில் நடந்த பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தோடு பள்ளியின் ஆசிரியர்கள் சிலரைத் தொடர்புபடுத்திச் சர்ச்சை எழுந்தது. கல்லூரி நிர்வாகத்துக்கும் பள்ளிக்கும் உறவு கெட்டது. 1938ஓடு அங்கே பள்ளி முடிந்துபோயிற்று. தொழிலாளர் பெண்கள் படிப்பதில் பிரச்சினை இல்லை, படித்ததை வைத்து ஏதும் செய்யப் புறப்பட்டால்தான் பிரச்சினை.

இந்தக் கல்லூரியைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் நான் சமூகவியல் படித்ததில் அர்த்தமில்லை. அதை வளர்த்தெடுத்த இரண்டாவது தலைவி கேரி தோமஸ், பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கல்வி வேண்டும் என்று போராடியவர். அதே பெண் கறுப்பினப் பெண்களை உள்ளே விட விரும்பவில்லை. கோடைப் பள்ளி 1926இல் கறுப்பினத் தொழிலாளர் பெண்களை ஏற்றது. கல்லூரியில் கறுப்பினப் பெண் ஒருவர் முதன்முதலாகப் பட்டம் பெற்றது 1931இல். எனிட் குக் என்ற அவருக்கு விடுதியில் இடம் கொடுக்கவில்லை. வெளியில் தங்கித்தான் படித்தார். தோமஸின் பெயர் தாங்கிய நூலகத்தை 2018 முதல் பழைய நூலகம் என்றே கல்லூரி அழைக்கிறது.

காசும் ஒரு விடயம். கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்று இப்படியான கல்லூரியில் ஒரு வருடத்துக்கு எண்பதாயிரம் டொலருக்கு மேல் போகிறது. உதவி பெற்றுப் படிப்பவர்கள் பலர் என்பது உண்மைதான். ஆனாலும் பதினைந்து பேருக்கு ஒரு ஆசிரியை என்பது செலவான ஏற்பாடு. எங்கள் பல்கலைக்கழகங்கள் நாளைக்கே அப்படி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முன்பள்ளியில் புதன்கிழமை

ஆனால் ஒரு பாயும் பதினான்கு பெண்களும் ஒரு தாளும் இருந்தால் அதற்கு டொலர் தேவையில்லை.

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் புதன்கிழமை பின்னேரங்களில் நான் மகளிர் வட்டம் ஒன்றை நடத்தி வந்தேன். பெரும்பாலும் பெண் தலைமைத்துவக் குடும்பத்தினர். முன்பள்ளிக் கட்டடத்தில் கரும்பலகைக்கு முன்னால் நான் நிற்பேன். நுண்கடன், போசாக்கு, உளநலம் என்று விளக்குவேன். "விளங்கினதோ?" என்று கேட்பேன். "ஓம் மிஸ்" என்பார்கள். அறிக்கையில் பதினான்கு பயனாளிகள் என்று எழுதுவேன்.

2020 தை மாதத்தில் ஒரு நாள் கரும்பலகையை விட்டுவிட்டுப் பாயை விரித்து வட்டமாக இருந்தோம். பல்கலைக்கழகக் குறிப்புக் கொப்பியிலிருந்து அந்தச் சிதைந்த குடும்பம் என்ற அரைப் பக்கத்தைத் தட்டச்சு செய்து ஆளுக்கொரு தாள் கொண்டு போயிருந்தேன். வாசிக்கத் தெரியாதவர்கள் மூன்று பேர். ஓ.எல். வரை படித்த ஒருவர் சத்தமாக வாசித்தார். நான் கேட்டேன்: "இதில உங்களைத் தடக்கின வரி எது?"

அமைதி. நானும் யன்னலைப் பார்த்தேன். மிகவும் கஷ்டமாக இருந்தது. வெளியில் யாரோ மாட்டை அதட்டிக் கொண்டு போகும் சத்தம் கேட்டது.

ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். "உதை ஆர் பிள்ளை எழுதினது? பானை சிதைஞ்சால் வேலிக்கரையில எறிஞ்சு போடுவம். நாங்கள் சமைச்சு, சாப்பிட்டு, பிள்ளையளைப் பள்ளிக்கூடம் விட்டுக்கொண்டுதானே இருக்கிறம். சிதைஞ்ச குடும்பம் எண்டால் என்ன அர்த்தம்?"

பலர் தலையாட்டினார்கள். எனக்கு மனம் குளிர்ந்தது. பத்து வருடமாக எனக்கு வராத வசனத்தை அந்த அம்மா சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். முடித்துவிடலாம் என்றும் நினைத்தேன்.

அப்போது மூலையில் இருந்த இன்னொருவர் இடைமறித்தார். கணவரையும் மூத்த மகனையும் தேடிக்கொண்டிருப்பவர். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றிலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே போய் வருபவர். "இல்லை அக்கா, அந்தச் சொல் சரிதான்" என்றார். "என்ரை குடும்பம் சிதைஞ்சுதான் போச்சு. சிதையேல்லை, நாங்கள் நல்லாத்தான் இருக்கிறம் எண்டு எழுதினால், ஆர் சிதைச்சது எண்டு நாளைக்குக் கேக்க ஏலாது. எனக்கு அந்த வரியில பிழை தெரியேல்லை. அது தன்ரை பாட்டில சிதைஞ்ச மாதிரி எழுதியிருக்கினமே, அதுதான் பிழை."

யாரும் கதைக்கவில்லை. நான் தாளைப் பார்த்தேன். பெற்றோரில் ஒருவர் இறப்பாலோ பிரிவாலோ இல்லாமற் போன குடும்பம். காணாமல் ஆக்கப்பட்டவர் அந்த வரியில் எங்கே இருக்கிறார்? இறப்பிலுமில்லை, பிரிவிலுமில்லை. நான் எத்தனையோ தரம் வாசித்து, மனப்பாடம் செய்து, பரீட்சையிலும் எழுதிய வரி. அதில் இருந்த ஓட்டையை எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்ட ஒரு பெண் ஒரு தரம் கேட்டதும் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு வாக்குவாதம் ஒரு மணித்தியாலம் போனது. முதலாவது அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "பிள்ளையள் இதை வாசிச்சால் தங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்றார். அதற்கும் மற்றவரிடம் பதிலிருந்தது. யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னேன். "படிச்ச பிள்ளைக்கே தெரியேல்லையாம்" என்று சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். பரீட்சையில் நான் எழுதியதையும் சேர்த்துத்தான். அம்மா இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டு இருந்தார். "எத்தினை மாக்ஸ் தந்தவை?" என்று கேட்டார். எழுபத்திரண்டு என்றேன். "நல்ல மாக்ஸ்தானே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

கொரோனாவால் அந்த வருடம் பங்குனியோடு வட்டம் நின்றது. பிறகு மறுபடி கூடினோம். இடையில் பல மாதம் கூட முடியாமலும் போயிற்று. இப்போது பன்னிரண்டு பேர் வருகிறார்கள். எல்லாப் புதனும் நன்றாக நடக்கும் என்று இல்லை. சில நாள் சீட்டுக் காசுக் கதையிலேயே பொழுது போய்விடும். மழைக்காலத்தில் நாலு பேர்தான். தாளில் அரைப் பக்கத்துக்கு மேல் போனால் களைத்துப் போகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டேன். பத்திரிகைச் செய்தி, கடன் கம்பனியின் ஒப்பந்தத்தில் ஒரு பந்தி, பிரதேச செயலகத்திலிருந்து வந்த கடிதம் என்று எதையும் வாசிக்கிறோம். கடன் ஒப்பந்தத்தை வாசித்த அன்றைக்கு வட்டி எழுதியிருந்த வரியில் எல்லாரும் ஒரே நேரத்தில் தடக்கினார்கள். எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு வரி எழுதுகிறார்கள். தெரியாதவர்கள் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுதுகிறார். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டும்போது, "நான் அப்பிடிச் சொல்லேல்லை, மாத்தி எழுது" என்று சண்டை பிடிக்கிறார்கள். பிறின் மாரில் அந்தத் தனிச் சந்திப்பில் நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

முதல் நாளிலிருந்து வரும் ஒருவர் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருப்பார். அவரிடம் கேள்வி கேட்டு ஒருநாளும் நான் நெருக்கியதில்லை. தாளை மட்டும் ஒவ்வொரு கிழமையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போவார். போன புதன்கிழமை நான் வரப் பிந்திவிட்டது. கட்டடத்துக்குள் நுழையும்போது பாய் விரித்திருந்தது. அவர்தான் விரித்தாராம்.